தறியை நிறுத்தும் பேட்டரி

ஜூன் 9, திங்கள்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரி தானே மேலே ஏறுகிறது, பிறகு தானே கீழே இறங்குகிறது. 'ழ' எழுதும்போது எங்கே சுழித்து எங்கே நிறுத்துவது என்று கைக்கு இன்னும் பிடிபடவில்லை. எழுபது தாண்டி எழுதப் பழகியவன் இவ்வளவுதான் எழுதுவான். ஆனால் எழுதுகிறேன்! என் பெயர் கைலாசம். இதை நானே எழுதினேன். இன்னொரு முறை எழுதிப் பார்க்கிறேன்: கைலாசம்.

சொல்லிக்கொடுத்தவள் என் மருமகள் சுகந்தி. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்தவள். பொங்கல் முடிந்ததும் தொடங்கினோம். காது எனக்கு மந்தம். நாற்பது வருடம் விசைத்தறிக்கு நடுவில் நின்றால் யாருக்கும் அப்படித்தான். பள்ளிபாளையத்தில் எங்கள் தெருவில் பாதிப்பேர் என்னைப் போலத்தான். தறி ஓடும்போது கத்திப் பிரயோசனமில்லை, உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும் பேசிக்கொள்வோம். சுகந்தியும் அதைப் பழகிக்கொண்டாள். என்னிடம் குரலே எழுப்பாமல் உதட்டால் பேசுவாள்.

இன்று ரேசன் கடைக்குப் போனேன். பலகையில் 'துவரம் பருப்பு இல்லை' என்று எழுதியிருந்ததை நானே படித்தேன். பருப்பு இல்லாததற்கு அந்த வரிசையில் சந்தோசப்பட்டவன் நான் ஒருவன்தான்.

சாயங்காலம் லோகநாதன் சுகந்தியின் போனைச் சுவரில் அடித்து உடைத்தான். இது இரண்டாவது போன். லோகநாதன் என் மகன். தறிக்குப் போகும் நூல் பாவு ஏற்றும் டெம்போ ஓட்டுகிறான்.

ஜூன் 10, செவ்வாய்

சுகந்தியின் உதடு கிழிந்து வீங்கியிருக்கிறது. அவள் சொல்வதில் பாதி எனக்கு விளங்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை, விளக்கு இல்லை.

லோகநாதன் அடிப்பதற்கு முன்னால் முன்னறையில் இருக்கும் கரண்ட் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். இருக்கும் ஒரு ஜன்னலையும் சாத்துவான். தெருவிலிருந்து பார்த்தால் வீட்டில் ஆளே இல்லை என்று இருக்கும். வெளிச்சம் இருக்கும்வரை அவன் வாயைப் பார்த்தே அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இருட்டில் எனக்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை. தரை அதிர்வது மட்டும் பாதத்தில் தெரியும்.

நேற்றுத் தரை இரண்டு முறை அதிர்ந்தது. இரண்டாவது பெரியது. கையை நீட்டிக்கொண்டு போனேன். முதலில் கைக்கு அகப்பட்டது அவள் கூந்தல். அது இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டேன். பிடித்தால் அவளுக்குத்தான் வலிக்கும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் சுவரை ஒட்டியே ராஜாமணியம்மாளின் தறிப்பட்டறை. உள்ளே அத்தனை ஆட்கள். ஓடுகிற தறிக்கு முன்னால் யார் அலறினாலும் அங்கே கேட்காது.

காலையில் அவள் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டேன். பிடுங்கப்பட்ட இடத்தில் தொடாதீர்கள் என்று கையைத் தட்டிவிட்டாள். பிறகு 'ஞ' எழுதச் சொன்னாள். எழுதினேன். நன்றாக வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

பட்டறை விடுமுறை. ராஜாமணியம்மாள் வீட்டுக்கு வந்தாள். புருசன் போன பிறகு பட்டறையைத் தனியாக நடத்துகிறவள். வாய் அதிகம்.

"ஏனுங்கண்ணா, உங்க மருமக மூஞ்சிக்கு என்னாச்சு?" என்றாள்.

"வழுக்கி விழுந்துட்டாளுங்க" என்றேன்.

"தெனமும் வழுக்கறதுக்கு உங்கூட்டுத் தரைய எண்ணெயிலயா மொழுகறீங்க?"

நான் எழுதிய காகிதத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

சுகந்தி தகரப் பெட்டியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து வந்தாள். அதற்குள் தீப்பெட்டி அகலத்தில் இரண்டு தகடுகள். கல்லூரியில் படிக்கும்போது வாங்கியவையாம். போர்டு என்றாள். சொன்ன வேலையைச் செய்யும், ஒன்றோடொன்று கம்பியில்லாமல் பேசும். போன் இல்லாதவளுக்கு அதுதான் போன்.

"இதுல ஒரு பொத்தான் வெச்சு, உங்க பட்டறையில சைரன் அடிக்கற மாதிரி பண்ணலாம்னு பார்த்தனுங்க. ஆனா தறிச் சத்தத்துல அது கொசு கத்துன மாதிரிதான்."

ராஜாமணியம்மாள் ஒரு தகட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "சத்தம் போட்டா இந்தத் தெருவுல ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான், அம்மிணி. தறிய நிறுத்து. அத்தன பேரும் வெளிய வருவானுங்க."

உண்மைதான். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தறி நின்றால் ஒருவனும் உட்கார்ந்திருக்க மாட்டான். என்ன ஏது என்று வாசலுக்கு வந்துவிடுவான். மூச்சு நின்ற மாதிரி தெருவே அமைதியாகும். எங்கள் வீட்டுச் சத்தம் அப்போது கேட்கும்.

"எம் பட்டறை மெயின் சுவிச்சை நீ இங்கிருந்து நிறுத்த முடியுமா?"

"முடியுமுங்க. பாதி இழை அறுந்துபோகுமே உங்களுக்கு?"

"முடிஞ்சுக்கறேன் போ."

சுகந்தி சிரித்தாள். உதடு மறுபடியும் கிழிந்து ரத்தம் வந்தது. ஆனாலும் சிரித்தாள்.

ஜூன் 18, புதன்

பட்டறை மெயினில் ஒரு போர்டை மாட்டியாகிவிட்டது. அது பட்டறைக் கரண்டிலேயே ஓடும். வீட்டில் இருக்கும் போர்டுக்குத்தான் சிக்கல். பீஸைப் பிடுங்கினால் அதுவும் செத்துவிடும். அதனால் பேட்டரி வேண்டும். போன் சார்ஜ் போடும் பவர் பேங்க் ஒன்றைக் கடைத்தெருவில் வாங்கி வந்தேன். போர்டை அதில் செருகியதும் சின்ன நீல விளக்கு எரிந்தது. கைதட்டினேன்.

மத்தியானம் சோதித்தோம். சுகந்தி பொத்தானை அமுக்கினாள். என் பாதத்தில் எப்போதும் இருக்கும் நடுக்கம் சட்டென்று நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் நின்றுவிட்டன! வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். பட்டறை ஆட்கள் பஞ்சுத் தலையோடு வெளியே வந்து நிற்கிறார்கள். சென்னியப்பன் முன்னால் நின்றான். என் கூடவே தறி ஓட்டியவன், என்னைவிடச் சின்னவன்.

"எவன்டா மெயின நிறுத்துனது?" என்று அவன் வாய் கத்தியது.

"நாந்தான்டா. போயி டீ குடி" என்றாள் ராஜாமணியம்மாள். பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். நான் பல்லைக் காட்டினேன்.

ஜூன் 20, வெள்ளி

நேற்று இருட்டில் பொத்தானை அமுக்கினாள். தறி நிற்கவில்லை.

திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறாள். அதற்குள் அவன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டான். பெல்ட்டில் எந்தப் பக்கம் கொக்கி இருந்தது என்பது காலையில் அவள் முதுகைப் பார்த்தபோது தெரிந்தது. நான் நடுவில் போனேன். என் இடது மணிக்கட்டை வாசற்படியில் வைத்து மிதித்தான். இருட்டில் யாருடைய கை என்று தெரிந்திருக்காது.

எழுதுவது வலது கையால். அதனால் பரவாயில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். குப்புறப் படுத்துக்கொண்டே கண்டுபிடித்தாள். முதுகைக் கீழே வைக்க முடியவில்லை.

"பவர் பேங்க் போனுக்குன்னு செஞ்சதுங்க மாமா. போன் நெறைய இழுக்கும். இந்த போர்டு சும்மா இருக்கறப்போ துளியூண்டுதான் இழுக்குது. ஆரும் எடுக்கலன்னு நெனச்சு அது தானா அணைஞ்சு போச்சு. நாஞ்செருகி ஒடனே சோதிச்சனா, வேல செஞ்சுச்சு. கொஞ்ச நேரம் உட்டுப் பார்த்திருக்கோணும்."

"கெட்டுப் போச்சா?"

"இல்லீங்க. தூங்கிருச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னபோது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

நாளை வேறு பேட்டரி. தூங்காதது.

ஜூன் 24, செவ்வாய்

லித்தியம் செல் என்று பெயர். கட்டை விரலைவிடக் கொஞ்சம் பருமன், நல்ல கனம். மின்சாரச் சாமான் கடையில் கிடைத்தது. அதை வைக்க ஒரு கூடு, சார்ஜ் ஏற்ற விரல்நகம்போல் ஒரு துண்டு. செல் நிறைந்திருக்கும்போது மீட்டரில் 4.2 வோல்ட் காட்டும். ஆனால் போர்டு குடிப்பது 3.3 தான். அதிகமாகக் கொடுத்தால் கருகிவிடும். அதனால் நடுவில் இன்னொரு துண்டு. செல்லில் எவ்வளவு இருந்தாலும் அது அளந்துதான் உள்ளே விடும்.

சுகந்தி ஈயம் உருக்கி ஒயர்களைப் பற்றவைத்தாள். நான் ஒரு கையால் ஒயரைப் பிடித்துக்கொண்டேன். ஈயப் புகை கண்ணில் பட்டு இருவருக்கும் தண்ணீர் வந்தது. அவளுக்கு அதிகம் வந்தது.

செல்லைத் திருப்பிப் போட்டால் எல்லாம் போய்விடுமாம். அதனால் பிளாஸ்திரித் துண்டில் 'கூட்டல்', 'கழித்தல்' என்று எழுதிக் கூட்டின் இரண்டு முனையிலும் ஒட்டினேன். 'ழி' அருமையாக வந்தது. இந்த வீட்டில் என் கையெழுத்து ஒரு வேலைக்கு உதவியது இதுதான் முதல் தடவை.

ஜூன் 25, புதன்

அவன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று பேட்டரியையும் போர்டையும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். சுகந்தி தலையில் அடித்துக்கொண்டாள். இரும்புக்குள் போட்டால் அது பேசுவது வெளியே போகாதாம். பிளாஸ்டிக் காப்பித்தூள் டப்பாவுக்கு மாற்றினோம். மூடியில் பொத்தான்.

ஜூன் 28, சனி

தினமும் வோல்ட் மீட்டரை வைத்து பேட்டரியைப் பார்ப்பது என் வேலை. இன்று காலை 4.1. மூன்றுக்குக் கீழே இறங்கினால் செல் செத்துவிடும். அதற்கு முன்பே சார்ஜ் போட வேண்டும். அவன் டெம்போ எடுத்துப் போனதும் போட்டு, வருவதற்கு முன்பு எடுத்துவிடுவேன். எண் படிப்பது எழுத்து படிப்பதைவிடச் சுலபம். பெருமையாக இருக்கிறது.

கத்தரிக்காய்க் குழம்பு. சம்பள நாள் என்பதால் அவன் குடித்துவிட்டு வந்தான். ஆனால் வாசலிலேயே விழுந்து தூங்கிவிட்டான். சுகந்தி அவனைத் தாண்டிப் போய்க் கோலம் போட்டாள்.

ஜூலை 3, வியாழன்

செவ்வாய்க்கிழமை நடந்தது. அன்றே எழுத ஆசைதான். ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் நேரமில்லை.

இருட்டுகிற நேரத்தில் வந்தான். நானும் சுகந்தியும் எதிர் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். வழக்கம்போல் உதட்டால்தான். அவள் சொன்னது, 'நாளைக்குக் கேஸ் சிலிண்டர் வருமுங்க மாமா' என்பது.

லோகநாதன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். "கெழவனும் நீயும் எம் முதுகுக்குப் பொறத்தால சத்தமில்லாம என்னடி பேசறீங்க?" என்றான்.

"சிலிண்டருங்க."

"அதுக்கு எதுக்குடி சத்தமில்லாம பேசோணும்?"

பீஸைப் பிடுங்கினான்.

இருட்டில் நான் தரையில் கையை வைத்தேன். ஈரம். தண்ணீர் டிரம் இருக்கும் பக்கத்திலிருந்து ஓடி வந்தது. தவழ்ந்து போனேன். அவள் கால்கள் கைக்கு அகப்பட்டன. பாதம் தரையில் இல்லை. உதைத்துக்கொண்டிருந்தன. மேலே தடவினேன். அவள் இடுப்பு டிரம்மின் விளிம்பில் மடிந்திருந்தது. தலை உள்ளே. பின்கழுத்தில் அவனுடைய இரண்டு கைகள். ஒரு விரலைப் பிடித்துத் திருப்பினேன். அவன் முழங்கை என் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று நாக்குக்கு வந்தது.

விழுந்து, திரும்பத் தவழ்ந்து வந்தபோது அவள் கால் உதைப்பது குறைந்திருந்தது.

பொத்தானை அவளால் அமுக்க முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுப்பு மேடையைத் தடவினேன். உப்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள். அமுக்கினேன்.

நடுக்கம் நின்றது.

பாதத்தில், தரையில், சுவரில், எல்லா இடத்திலும் நின்றது. பேட்டரி தூங்கவில்லை! அந்த இருட்டிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, வாயெல்லாம் ரத்தத்தோடு. அவனும் அமைதியைக் கேட்டிருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டான். சுகந்தி தண்ணீரோடு என் மேல் விழுந்தாள். அவள் போட்ட சத்தம் எனக்கே லேசாகக் கேட்டது.

கதவு உடைந்தது. போன் விளக்குகள் உள்ளே வந்தன. சென்னியப்பன் முன்னால், அவனுக்குப் பின்னால் பட்டறையே வந்தது. ஊடு நூல் கொண்டு ஓடும் நாடாவை எத்தும் கட்டையைத் தறியிலிருந்து கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தான் ஒருவன். அவளை ஒருமுறை பார்த்தார்கள், டிரம்மை ஒருமுறை பார்த்தார்கள். லோகநாதனை வாசலுக்கு இழுத்துப் போனார்கள். முதல் அடி வலது கையில். அது மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. பிறகு விலாவில். பிறகு அவன் தரையில் சுருண்டான். காலால் உதைத்தார்கள். அவன் வாய் 'அப்பா' என்றது. வெளிச்சம் இருந்ததால் நன்றாகத் தெரிந்தது.

பட்டறையில் ஒரு பழக்கம். போதும், நிறுத்து என்பதற்கு உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவோம். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் தறிக்காரன் நிறுத்திவிடுவான். சென்னியப்பன் நடுவில் ஒருமுறை என் பக்கம் திரும்பினான். கண்ணால் கேட்டான். மறுபடியும் திரும்பிக் கேட்டான்.

விளக்கு என் கண்ணில் கூசியது. அவன் கேட்டது எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

சுகந்திதான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கையைத் தூக்கினாள். நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் ராஜாமணியம்மாள், "டெம்போவுல இருந்து விழுந்துட்டானுங்க" என்றாள். நானும் தலையாட்டினேன். "நல்லா வழுக்கியிருக்குது" என்று வெளியே வந்து என்னிடம் சொன்னாள்.

பேட்டரி இன்று 4.0.

ஜூலை 8, செவ்வாய்

என் மகள் வசந்தாமணி சங்ககிரியிலிருந்து வந்தாள். தம்பியை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறாள்.

"பெத்த அப்பன் நின்னு பாத்துட்டு இருந்தீங்களாமா?" என்றாள்.

"காது கேக்காது கண்ணு எனக்கு."

"கண்ணு தெரியுமல்லோ?"

சுகந்தி காப்பி கொண்டுவந்து வைத்தாள். வசந்தாமணி அதைத் தொடவில்லை. சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வருவேன், அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்றாள். சுகந்தியின் கழுத்தில் விரல் பதிந்த இடங்கள் இப்போது மஞ்சளாகிவிட்டன. வசந்தாமணி அந்தப் பக்கமே பார்க்காமல் பேசினாள்.

ஜூலை 12, சனி

வந்தார்கள். ஆட்டோ வாசலில் நின்றது. வலது கை கட்டோடு, நெஞ்சில் சுற்றிய துணியோடு அவன் இறங்கினான். இளைத்திருந்தான். பார்ப்பதற்கு என் அப்பாவைப் போலவே இருந்தான். புதுக் கதவு போட்டு மூன்று நாள்தான் ஆகிறது. நான் கதவுக்கு நடுவில் நின்றுகொண்டேன்.

"உள்ள உடுங்கப்பா. இனிமேட்டு அப்படிப் பண்ண மாட்டானாமா" என்றாள் வசந்தாமணி.

நான் சுகந்தியைத் திரும்பிப் பார்த்தேன். அடுப்படியில் காப்பித்தூள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன கண்ணு, உடலாமா?" என்று உதட்டால் கேட்டேன். அவள் தலையை இல்லை என்று அசைத்தாள்.

அதை அவனும் பார்த்தான். அவன் முகம் மாறியது. அந்த முகம் எனக்குத் தெரியும். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கீழ்த்தாழ்ப்பாள் இன்னும் பொருத்தவில்லை. அதனால் கதவில் முதுகை வைத்துத் தரையில் உட்கார்ந்து காலை எதிர்ச் சுவரில் ஊன்றிக்கொண்டேன்.

உதைத்தான். ஒவ்வொரு உதையும் கதவு வழியாக முதுகில் இறங்கி நெஞ்சு வழியாக வந்தது. கை உடைந்தவனுக்கு இவ்வளவு பலம்! ஜன்னல் கண்ணாடி உடைந்து ஒரு துண்டு என் நெற்றியில் பட்டது. ரத்தம் கண்ணில் இறங்கியது. எனக்குப் பயமில்லை. பக்கத்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பேட்டரி காலையில்தான் 4.2 காட்டியது. நான் சுகந்தியைப் பார்த்து, "அமுத்து கண்ணு" என்றேன்.

அவள் அமுக்கவில்லை.

"அமுத்து!" குரல் விட்டே கத்தினேன். அவள் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. டப்பாவை மேடையில் வைத்துவிட்டு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கதவில் முதுகை வைத்தாள். அடிபட்ட முதுகு. இருவருமாக அத்தனை உதையையும் வாங்கினோம். கடைசியில் உதை நின்றது. ஆட்டோ போனதை ஜன்னல் வழியாக அவள் பார்த்துச் சொன்னாள்.

நெற்றிக்கு மருந்து போடும்போது, "ஏங் கண்ணு அமுத்தல?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்துக்கு நேராக வந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, உதட்டால் சொன்னாள். "அமுத்துனா அவங்க வருவாங்க. இந்தத் தடவ கொன்னுருவாங்க. நீங்க கை தூக்க மாட்டீங்க மாமா."

காது மந்தமானவனுக்கு உதடு படிப்பதும் சில சமயம் தவறும். மருந்துப் பஞ்சை வாங்கி நானே நெற்றியில் வைத்துக்கொண்டேன். அவளும் விடவில்லை. "திங்கக்கெழமை போலீஸ் ஸ்டேசனுக்குப் போறனுங்க. டிரம்முல இருந்து எல்லாத்தையும் சொல்லப் போறேன். பட்டறைக்காரங்க அடிச்சதையுந்தான். நீங்களும் வரோணும். உங்களையும் கேப்பாங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெள்ளை வேட்டியைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். அங்கே எழுதி வைத்திருக்கும் பலகைகளையெல்லாம் நானே படிப்பேன். நெற்றி வலிக்கிறது, ரத்தம் இந்தத் தாளில் ஒரு இடத்தில் சிந்திவிட்டது. அவர்கள் என்னிடம் என்ன கேட்டார்கள், நான் என்ன பதில் சொன்னேன் என்பதை வருகிற வாரம் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.